தவணை ஏறுவதும் இறங்குவதும்: நீலகிரியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் வீட்டுக்கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், வங்கிக் கணக்குத் தாளைப் படித்து விளக்குவதும் பல வருடமாக என் வேலை. 2025இல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரி போட்டதிலிருந்து, வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அமெரிக்காக்காரன் வரி போட்டால் கோத்தகிரியில் என் தவணை ஏன் மாற வேண்டும்?

நேராக மாறாது. வரிச் செய்தியைப் பார்த்துவிட்டு எந்த வங்கியும் மறுநாளே உங்கள் வட்டியை மாற்றுவதில்லை. நடுவில் ரிசர்வ் வங்கி இருக்கிறது. அது விலைவாசியையும் தொழில் வளர்ச்சியையும் பார்த்து ஒரு வட்டியை முடிவு செய்கிறது. அந்த வட்டிதான் உங்கள் கடன் வரைக்கும் இறங்கி வருகிறது. வர்த்தகச் சண்டை விலைவாசியையோ வளர்ச்சியையோ அசைத்தால்தான் உங்கள் தவணையும் அசையும்.

2025இல் நடந்ததையே பாருங்கள். ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரே வாரத்தில் அதை 90 நாள் நிறுத்திவைத்தது. அப்புறம் ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. திருப்பூர் பின்னலாடை, இறால், நகை என்று அமெரிக்காவை நம்பியிருந்த தொழில்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அதே வருடத்தில் நம் நாட்டு வீட்டுக்கடன் வட்டி குறைந்தது. வரி போட்டதால் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நேரம் விலைவாசி அடங்கிக் கிடந்ததுதான் முதல் காரணம்.

ரெப்போ ரெப்போ என்கிறார்களே, அது என்ன?

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்துக் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போது கொடுக்கும் வட்டி. 2016 முதல் இதை ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு முடிவு செய்கிறது. சில்லறை விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது அதன் பொறுப்பு. மேலே 6, கீழே 2 வரைக்கும் இடம் உண்டு. பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். அவசரம் என்றால் இடையிலும் கூடுவார்கள். 2022 மே 4 அப்படி வந்த நாள்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, வர்த்தகச் சண்டை வந்தால் வட்டி ஏறுமா, இறங்குமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சண்டை வட்டியை இரண்டு பக்கமும் இழுக்கும்.

இறக்கும் பக்கம் முதலில். ஏற்றுமதி படுத்தால் வேலை குறையும், கையில் பணம் குறையும், சாமான் வாங்குவது குறையும். வளர்ச்சி தளர்கிறது என்று தெரிந்தால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கும். 2025 ஏப்ரல் கூட்டத்தில் அது நடந்தது. உலக வர்த்தகத்தில் நிலவிய குழப்பத்தையும் கணக்கில் எடுத்து, அந்த நிதியாண்டின் வளர்ச்சி மதிப்பீட்டை 6.7 சதவீதத்திலிருந்து 6.5க்கு இறக்கினார்கள். ரெப்போவையும் கால் சதவீதம் குறைத்தார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு நாட்டுக்குள் போக முடியாத சரக்கு வேறு நாட்டுச் சந்தையில் வந்து கொட்டும், அங்கே விலை இறங்கும். தகட்டு இரும்பு அப்படி மலிவாக வந்து குவிகிறது என்றுதான் 2025 ஏப்ரலில் நம் அரசு அதற்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது.

ஏற்றும் பக்கம் இதற்கு நேர் எதிர். சண்டையில் கச்சா எண்ணெயோ உரமோ சமையல் எண்ணெயோ விலை ஏறினால் இங்கே எல்லாம் ஏறும். ரூபாய் சரிந்தால் வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். விலைவாசி 6ஐத் தாண்டினால், வளர்ச்சி கொஞ்சம் அடிபட்டாலும் பரவாயில்லை என்று ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றிவிடும். ரஷ்யா 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் போன பிறகு இதுதான் நடந்தது. அந்த ஏப்ரலில் விலைவாசி உயர்வு 7.79 சதவீதம். மே 4 அன்று 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரி 8 அன்று 6.50இல் போய் நின்றது. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவீதம்.

2025இல் இறக்கும் பக்கம் ஜெயித்தது. அக்டோபர் மாத விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவீதம். பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பர் 5 அன்று 5.25 என்று ரெப்போ படிப்படியாக இறங்கியது. அதனால் 'டாரிஃப்', அதாவது இறக்குமதி வரி, என்ற சொல்லை டிவியில் கேட்டதும் பதற வேண்டாம். டீசல் விலையும் சாப்பாட்டுச் சாமான் விலையும் எந்தப் பக்கம் போகின்றன என்று கவனியுங்கள். வட்டி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரிந்து இல்லை.

டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டதே, வட்டி ஏற்றிவிடுவார்களா?

2025 டிசம்பர் தொடக்கத்தில் தாண்டியது. அதே வாரத்தில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது. ரூபாய் மட்டும் சரிந்தால் போதாது, அந்தச் சரிவு விலைவாசியில் தெரிய வேண்டும்.

ஆனால் சரிவு வேகமாக இருந்தால் கதை வேறு. 2013இல் அமெரிக்க மத்திய வங்கி தாராளமாகப் பணம் விடுவதைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சு வந்ததுமே ரூபாய் மளமளவென்று விழுந்தது. ஆகஸ்டில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தொட்டது. அந்த வருடம் செப்டம்பரில் 7.25இலிருந்து ரெப்போ ஏறத் தொடங்கி, 2014 ஜனவரியில் 8 சதவீதம் ஆனது.

அமெரிக்காவில் வட்டி இறங்கினால் இங்கேயும் இறங்குமா?

சேர்ந்து இறங்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரும்பாலான வீட்டுக்கடன் 30 வருடத்துக்கு ஒரே நிலையான வட்டி. அது அவர்கள் அரசின் 10 வருடப் பத்திரத்தின் வருமானத்தை ஒட்டிப் போகும். 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவர், 2023 அக்டோபரில் புதுக்கடன் வட்டி 7.79 ஆனபோதும் தன் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பெரும்பாலானவை மாறும் வட்டி. இறங்கினாலும் நமக்கு, ஏறினாலும் நமக்கு. அங்கிருப்பவருக்குப் புதுக்கடன் வாங்கும்போதுதான் கவலை. நமக்குக் கடன் முடியும்வரை கவனம் வேண்டும்.

ரெப்போ இவ்வளவு குறைந்தும் என் தவணை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே?

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கடன் எந்த அளவுகோலில் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2010 முதல் 'பேஸ் ரேட்', 2016 ஏப்ரல் முதல் 'எம்.சி.எல்.ஆர்.'. இரண்டும் வங்கி தன் செலவைக் கணக்கிட்டுத் தானே வைப்பவை. ரெப்போ இறங்கினாலும் இவை மெதுவாகவே இறங்கும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலில் கட்டியே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதற்கு முன் கடன் வாங்கி, மாற்றிக்கொள்ளாமல் இருப்பவர்கள் பலர் இன்னும் பழைய அளவுகோலிலேயே இருக்கிறார்கள். வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கியவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கின்றன.

எனக்கே நடந்தது இது. என் வீட்டுக்கடன் பழைய அளவுகோலில் இருந்தது. 2020இல் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் பல மாதம் அதே வட்டியைக் கட்டினேன். ஊருக்கெல்லாம் கணக்குத் தாள் படித்துச் சொல்லும் நான் என் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. கிளையில் போய்க் கேட்ட அன்றுதான், ரெப்போ அளவுகோலுக்கு மாற ஒரு விண்ணப்பமும் ஒரு முறைக் கட்டணமும் போதும் என்று சொன்னார்கள். அதுவரை அவர்களாகச் சொல்லவில்லை. போன பணம் போனதுதான். அந்த வருத்தத்தில்தான் இப்போது யார் வந்தாலும் முதல் வேலையாக, கடன் எந்த அளவுகோலில் இருக்கிறது என்று தாளில் எழுதியிருக்கும் இடத்தைத் தேடிக் காட்டுகிறேன்.

ரெப்போவில் கட்டப்பட்ட கடன் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, திருத்தும் தேதி. டிசம்பரில் குறைத்தது உங்களுக்கு மார்ச்சில்தான் வரலாம். இரண்டு, ரெப்போவுக்கு மேல் வங்கி வைத்திருக்கும் கூடுதல் சதவீதம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண், கடன் வாங்கியபோது குறைவாக இருந்து இப்போது நன்றாக இருந்தால், அதைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புது வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி கொடுத்துவிட்டு ஒழுங்காகக் கட்டும் பழைய வாடிக்கையாளரை மறந்துவிடுவது சரியில்லை. கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. வட்டி குறைந்திருக்கும், ஆனால் தவணையைக் குறைக்காமல் வருடத்தைக் குறைத்திருப்பார்கள். அது உங்களுக்கு நல்லதுதான். 25 லட்சம், 20 வருடம், 8.75 சதவீதம் என்றால் தவணை சுமார் 22,093 ரூபாய். வட்டி 7.50க்கு இறங்கினால் தவணை 20,140 ஆகும். தவணையைக் குறைக்காமல் அதே 22,093ஐக் கட்டி வந்தால் கடன் 16 வருடம் 5 மாதத்தில் முடிந்துவிடும். கையில் இடம் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

2022இல் வட்டி ஏறியபோது தவணை மாறவில்லை. ஆனால் இப்போது பார்த்தால் கடன் இன்னும் 27 வருடம் என்று காட்டுகிறது. எப்படி?

தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டிவிட்டார்கள். இதில் இருக்கும் ஆபத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். 25 லட்சத்தை 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கினால் தவணை 19,382 ரூபாய். வாங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டி 9.50 ஆகிறது என்று வையுங்கள். ஒரு மாத வட்டி மட்டுமே 19,792 ரூபாய். அதாவது, கட்டுகிற முழுத் தவணையும் வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் கூடும். 20 வருடத்திலேயே முடிக்க வேண்டும் என்றால் தவணை 23,303 ஆக வேண்டும்.

இந்தக் கொடுமைக்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது கடன் கொடுத்தவர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை ஏற்றவா, வருடத்தை நீட்டவா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது, 2025 அக்டோபர் முதல் அதைக் கொடுப்பது கடன் கொடுத்தவரின் விருப்பம். வட்டிக்கே போதாத தவணையாக விட்டுவிடக் கூடாது. 27 வருடம் என்று காட்டுகிறவர் அடுத்த வாரமே கிளைக்குப் போய், தவணையைக் கொஞ்சம் ஏற்றி வருடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மாதம் இரண்டாயிரம் கூட்டினால்கூடப் பல வருடம் குறையும்.

தேயிலை விலைக்கும் வட்டிக்கும் சம்பந்தம் உண்டா?

வட்டிக்குச் சம்பந்தம் இல்லை. உங்களுக்கு உண்டு, அதுவும் வட்டியைவிட அதிகமாக.

நம் மலையில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாத வருமானம் என்பது தொழிற்சாலை போடும் பச்சைத்தேயிலைக் காசு. அது குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஏலம் உலகச் செய்தியைத் தாங்கித்தான் நடக்கிறது. சோவியத் யூனியன் நம் தூளைப் பெரிய அளவில் வாங்கிக்கொண்டிருந்தது. 1991இல் அது உடைந்து, பிற்பாடு அந்தச் சந்தை தளர்ந்தபோது, 90களின் கடைசியில் இலை விலை விழுந்தது. இந்த மலையின் ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், அதை மறந்தவர்கள் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்போது நாட்டில் வட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி என்ன, கட்டக் காசு இல்லையே.

இப்போது குன்னூரில் போகும் சி.டி.சி. தூளில் (இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிச் செய்யும் குருணைத் தூள்) பெரும்பகுதியை நம் நாட்டிலேயே குடித்துவிடுகிறார்கள். அதனால் அமெரிக்க வரி நம் இலையை நேராக அடிப்பது குறைவு. 2025 நவம்பரில் தேயிலை, காபி, மசாலாப் பொருட்களைத் தன் பதிலடி வரியிலிருந்து அமெரிக்காவே விலக்கியும் விட்டது. ஆனால் ரஷ்யா, ஈரான் பக்கமிருந்து பணம் வரும் வழி அடைபட்டால், அங்கே போக வேண்டிய சரக்கு உள்நாட்டு ஏலத்துக்குத் திரும்பி விலையை அழுத்தும்.

அதனால் கடன் கேட்டு வரும் சிறு விவசாயியிடம் நான் வட்டியைப் பற்றி முதலில் பேசுவதில்லை. கடந்த மூன்று வருட இலைப் பில்லைக் கொண்டுவரச் சொல்வேன். அதில் மிகக் குறைந்த விலை வந்த வருடத்தின் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களைப் பார்ப்பேன். உறைபனி விழுந்து கொழுந்து கருகும் மாதங்கள் அவை. அந்த மாதக் காசில் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். ஏப்ரல், மே மாதத்து இலையைப் பார்த்துக் கடன் அளவை முடிவு செய்யவே செய்யாதீர்கள். 25 லட்சத்துக்கு வட்டி ஒரு சதவீதம் ஏறினால் மாதம் சுமார் 1,500 ரூபாய் கூடும். இலை விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கினால், மாதம் 500 கிலோ பறிப்பவருக்கு 2,500 ரூபாய் குறையும்.

பையன் திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. அவன் சம்பளத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

அவருடைய கம்பெனி எந்த நாட்டுக்கு அனுப்புகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் என்றால் ஓவர்டைம் காசைக் கணக்கில் சேர்க்காமல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுங்கள். ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒரு வைப்பில் போட்ட பிறகே கையெழுத்து. வீட்டில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ அரசுப் பள்ளியிலோ வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவரையும் சேர்த்துக் கூட்டுக்கடனாக வாங்குவது நல்லது.

வட்டி இன்னும் குறையட்டும் என்று காத்திருக்கலாமா?

மலையில் காத்திருப்பதற்குத் தனி விலை உண்டு. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். டீசல் விலை ஏறினால் வட்டி ஏறுவதற்கு முன்பே லாரி வாடகை ஏறிவிடும். சரிவில் மண்ணைச் சமப்படுத்தித் தடுப்புச் சுவர் கட்டும் செலவு வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதம் ஆனது கொஞ்சம் உதவி.

மாறும் வட்டி என்றால், நாளைக்குக் குறைவது உங்களுக்கும் வந்து சேரத்தான் போகிறது. அதனால் காத்திருப்பதில் லாபம் பெரிதாக இல்லை. கட்டட அனுமதியும் கைப்பணமும் தயாரா என்று பாருங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் வங்கிகள் கொடுக்கலாம். மீதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நிலையான வட்டி எடுத்தால் நிம்மதிதானே?

நிம்மதிக்குக் கூடுதல் வட்டி கேட்பார்கள். பல 'நிலையான' கடன்கள் சில வருடம் மட்டுமே நிலையானவை, பத்திரத்தில் அது எழுதியிருக்கும் இடத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இலைக் காசை மட்டும் நம்பும் வீட்டுக்கு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் எடுக்கலாம் என்பது என் கருத்து.

கூடலூரில் வீடு இருக்கிறது, பட்டா இல்லை. வட்டி குறைந்தால் வங்கி கொடுக்குமா?

வட்டி எவ்வளவு குறைந்தாலும் கொடுக்காது. ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969ஆம் வருடச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் நிறைய. வங்கிக் கடன் கிடைக்காமல் அவர்கள் வெளியில் மாத வட்டிக்கு வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ரெப்போ கால் சதவீதம் குறைந்ததைக் கொண்டாடும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும்.

கையில் கொஞ்சம் காசு வந்திருக்கிறது. முன்கூட்டியே கட்டினால் அபராதமா?

தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அபராதம் கிடையாது. கடனின் முதல் வருடங்களில் கட்டுவது அதிகப் பலன் தரும். கடன் முழுவதும் முடிந்தால் கடன் கொடுத்தவர்கள் 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பனியில் இலை போய்விட்டது. இந்த மாதம் கட்ட முடியாது போலிருக்கிறது. என்ன செய்ய?

தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போங்கள். ஃபோனை எடுக்காமல் இருப்பதுதான் மிக மோசம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை என்று போகும். அந்த 90 நாளுக்குள் தவணையை மாற்றி அமைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. போகும்போது மூன்று மாத இலைப் பில், வங்கிப் புத்தகம், பனியில் கருகிய தோட்டத்தின் ஃபோட்டோ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.